இரண்டு நூலும் சம்மதிக்கும் நிறம்

குஜராத்தின் பாடன் நகரில் நெய்யும் பட்டுச் சேலையான பட்டோலாவைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானவர்களின் கண் யானைக்கும் கிளிக்கும்தான் போகும். அடுத்து அந்த ஆழ்ந்த சிவப்பில் நிற்கும். வெள்ளையிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வேன். இலையைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு, பூவின் நடுவே ஒரு புள்ளி, யானை உருவத்தின் விளிம்பு என்று வெள்ளை அங்கங்கே கொஞ்சமாகத்தான் வரும். அது சாயமேறாத பட்டின் சொந்த நிறம், லேசாக மஞ்சள் ஓடிய பால் வெளுப்பு. அந்தப் புள்ளி வெள்ளையாக நிற்பதற்கு, அந்த இடத்தில் நெடுக்கே போகும் பாவு நூலும் குறுக்கே போகும் ஊடை நூலும் எல்லாச் சாயத் தொட்டிகளிலும் முங்கி எழுந்தும் கறைபடாமல் தப்பியிருக்க வேண்டும். ஒரு கட்டு நெகிழ்ந்து சிவப்பு ஒரு நூலளவு கசிந்திருந்தாலும் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். அதை மறைக்க வழியே கிடையாது. பட்டோலாவின் தரத்தை எடை போட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

வழக்கமான துணியில் உருவம் இரண்டு வழிகளில் வருகிறது. நெய்து முடித்த துணிமேல் அச்சடிக்கலாம், வரையலாம். அல்லது ஒரே நிறத்தில் சாயமிட்ட பல நூல்களைக் கொண்டு நெய்யும்போதே புட்டாவும் பேட்டும் எழுப்பலாம். பட்டோலா மூன்றாவது வழியில் வருவது. நூல் தறிக்குப் போவதற்கு முன்பே, அந்த நூலின் நீளத்தில் எந்த இடத்தில் சிவப்பு, எங்கே பச்சை, எங்கே வெள்ளை என்பதெல்லாம் முடிவாகிவிடும். அந்த இடங்களைக் கட்டியும் அவிழ்த்தும் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். ராஜ்கோட்டில் பெரும்பாலும் ஊடைக்கு மட்டும் இப்படிச் செய்கிறார்கள். ஒரு நூலில் மட்டும் உருவம் ஏற்றும் இந்த வேலை உலகில் பல இடங்களில் உண்டு. பாடனில் பாவு, ஊடை இரண்டிலும் தனித்தனியாக உருவத்தை ஏற்றி, தறியில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துகிறார்கள். இரட்டை இக்கத் எனப்படும் இந்த முறை இந்தியாவிலும் ஜப்பானிலும் பாலித் தீவின் தெங்கானான் கிராமத்திலும்தான் வேரூன்றியது. தெங்கானான் துணி பருத்தி; நுணா வேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறியது. பாடனுடையது பட்டு.

இந்த முறையால் விளையும் ஒன்றைப் புரிந்துகொண்டால் பட்டோலா முழுவதும் திறந்துகொள்ளும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடத்தில்தான் முழுச் சிவப்பு கிடைக்கும். சிவப்புப் பாவைப் பச்சை ஊடை கடந்தால் இரண்டுமல்லாத மங்கல் ஒன்று வரும். ஆக, இந்தத் துணியில் ஒரு நிறம் முழுமையாக ஒலிக்க இரண்டு நூலும் சம்மதிக்க வேண்டும். கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக, சேலையின் நீளம் முழுவதும் இந்தச் சம்மதம் கிடைத்தபடியே இருக்கிறது. ஓர் அங்குலச் சதுரத்தைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சதுரத்தின் நடுவில் நிறம் அடர்ந்து நிற்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு நூல் முன்னே பின்னே நகர்ந்த இடத்தில் அரைநிறம் ஒன்று மெல்லிய வரியாக ஓடும். கைநீட்டும் தூரத்தில் அது உருவத்துக்கு ஒரு மென்மை தருகிறது. அந்த வரி எவ்வளவு ஒடுக்கமோ, வேலை அவ்வளவு நுட்பம்.

பதப்படுத்தாத பட்டு நூலைச் சுற்றியிருக்கும் பசை போகும்வரை வேகவைப்பதில் வேலை தொடங்குகிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தக் கொதியில் கரைந்துபோகும். மிஞ்சும் நூலுக்குத்தான் அந்த மினுமினுப்பும் வழவழப்பும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலைச் சேலையின் அளவுக்கு நீட்டி, உருவம் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி மடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். அளவுக்குறி போட்டபின் கட்டும் வேலை. பருத்தி நூலை நகக்கண்ணைவிடச் சிறிய இடைவெளியில் இறுக்கிச் சுற்றுவார்கள். சாயம் புகக் கூடாத இடமெல்லாம் கட்டுக்குள். ஒரு சாயம் முடிந்ததும் சில கட்டுகளை அவிழ்ப்பார்கள், சிலவற்றைப் புதிதாகக் கட்டுவார்கள், அடுத்த தொட்டிக்குப் போவார்கள். பாவுக்குச் செய்ததை ஊடைக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நூலைக் கட்டத் தொடங்கியதிலிருந்து நெய்து முடிப்பதுவரை ஒரு சேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி இந்தக் கட்டுக்கும் சாயத்துக்கும்தான். நெசவாளர் தறியில் உட்காரும் நாளில் வடிவமைப்பு முழுவதும் முடிந்திருக்கும்.

இனி நிறங்கள். சிவப்புக்கு அரக்கும் மஞ்சிட்டி வேரும். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கொம்புகளில் அரக்குப் பூச்சி கட்டும் கூட்டை உடைத்து நீரில் ஊறவைத்தால் சிவப்பு இறங்கும். மஞ்சளுக்கு மாதுளந்தோல், செண்டுமல்லி, மஞ்சள் கிழங்கு. பழுப்புக்குக் காசுக்கட்டி. இவற்றில் பலவும் தாமாகப் பட்டில் நிலைக்காது. நடுவில் நின்று சாயத்தையும் நாரையும் கைகோக்க வைப்பது படிகாரம். அதே சாயத்தில் படிகாரத்துக்குப் பதில் இரும்புச் சத்து சேர்ந்தால் நிறம் இருண்டு போகும். எந்தக் கிணற்று நீரில் என்ன உப்பு இருக்கிறது என்பதுகூடச் சிவப்பின் சாயலை மாற்றும். இயற்கைச் சாயம் என்பதால் வேதியியல் இல்லாமல் போய்விடவில்லை. அளவுகோல் இல்லாத காலத்திலேயே கண்ணாலும் நாவாலும் கைச்சூட்டாலும் கற்ற வேதியியல் இது.

நீலம் தனி உலகம். அவுரியின் நீலம் நீரில் கரையாது. காரத் தொட்டிநீரிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கி அதைக் கரைய வைக்க வேண்டும். அப்போது தொட்டிநீர் மஞ்சளோடிய பச்சையாக இருக்கும். மேலே செம்பும் ஊதாவும் கலந்த ஆடை படியும். அதில் முக்கிய பட்டு வெளியே வரும்போது நீலமாக இராது. பச்சைமஞ்சளாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் நூலின் மேற்புறத்தில் பச்சை ஏறும், பிறகு நீலம் ஓடிவரும். இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணெதிரே மாற்றம் முடிந்துவிடும். அடர்த்தி வேண்டுமானால் மறுபடி முக்க வேண்டும், மறுபடி காற்றாட விட வேண்டும். தொட்டியின் காரம் கூடினால் பட்டு கரடாகும், குறைந்தால் நீலம் ஏறாது. பருத்தியைவிடப் பட்டுக்கு இந்தத் தொட்டியில் கூடுதல் கவனம் வேண்டும்.

பட்டோலாவின் நிறங்கள் ஒன்றோடொன்று ஏன் இவ்வளவு இணக்கமாக இருக்கின்றன என்பதற்கும் இந்தத் தொட்டிகளில்தான் விடை. பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. மஞ்சள் ஏறிய இடத்தின்மேல் நீலம் ஏறினால் பச்சை. சிவப்பின்மேல் நீலம் ஏறினால் நாவல்பழக் கருமை. ஆகவே பச்சைக்குள் மஞ்சள் இருக்கிறது, கருமைக்குள் சிவப்பு இருக்கிறது, இரண்டுக்குள்ளும் ஒரே நீலம் இருக்கிறது. சேலையின் நிறங்கள் எல்லாம் இரண்டு மூன்று தொட்டிகளின் பிள்ளைகள். செயற்கைச் சாயத்தில் பச்சைக்கு ஒரு டப்பா, ஊதாவுக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாக வாங்கலாம். ஒவ்வொன்றும் பளிச்சென்று வரும், ஆனால் ஒன்றுக்கொன்று சொந்தம் இராது. பழைய பட்டோலாவையும் பளபளக்கும் புதிய நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் உறைப்பது இந்த வேறுபாடுதான்.

1856-இல் வேதியியலாளர் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார். 1869-க்குள் மஞ்சிட்டிச் சிவப்பின் சாரத்தையே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குள் மூன்று அடிகள். உலகத்தின் மற்ற இடங்களைப் போலவே பாடனிலும் ரசாயனச் சாயம் நுழைந்து நெடுங்காலம் நிலைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அங்கே பட்டோலா நெய்யும் சால்வி குடும்பத்தினர் பழைய சாயங்களைத் தேடித் திரும்பினார்கள். கைவிட்டுப் போன கலவைகளை முயன்று முயன்று மீட்டெடுத்தது அவர்கள் நெய்த எந்தச் சேலைக்கும் குறையாத சாதனை என்பேன்.

தறியைப் பார்ப்போம். கருங்காலியும் தேக்கும் அல்ல, ஈட்டி மரமும் மூங்கிலும். ஒரு பக்கம் தாழ்ந்து சாய்வாக நிற்கும். மிதிபலகை இல்லை. இருவர் சேர்ந்து உட்கார்ந்து நெய்கிறார்கள். ஊடை ஒருமுறை குறுக்கே ஓடியதும் அதை அப்படியே அடித்து இறுக்கிவிட முடியாது. அந்த ஊடையில் இருக்கும் சிவப்புத் துண்டு, பாவில் இருக்கும் சிவப்புக்கு நேர்மேலே விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை நகர்ந்திருந்தால் ஓரத்தில் இழுத்துச் சரிசெய்வார்கள். வாள்போன்ற ஈட்டிமரப் பட்டையால் அதன் இடத்தில் அமர்த்துவார்கள். சில அங்குலம் நெய்தபின் பாவின் இழுப்பைத் தளர்த்தி, ஊசியால் நூல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கோட்டுக்குக் கோடு சேர்ப்பார்கள். பாவு வெயிலில் இறுகும், ஈரக்காற்றில் தளரும். அதற்கேற்பக் கையும் மாற வேண்டும். இருவர் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் எட்டு, ஒன்பது அங்குலம்தான் நகரும். நெசவின் கட்டமைப்போ குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒன்று மேல் ஒன்று கீழ். சாதா நெசவு. அத்தனை நுட்பமும் அந்த எளிமைக்குள் நூல்களை இடம்பார்த்து வைப்பதில் இருக்கிறது.

சாதா நெசவு என்பதால்தான் பட்டோலாவுக்கு முன்பின் கிடையாது. திருப்பினாலும் அதே யானை, அதே அடர்த்தி. முந்தியின் கடைசியில் ஊடை ஓடாமல் விட்டிருக்கும் குஞ்சத்தைப் பிரித்துப் பாருங்கள். பாவு நூலிலேயே உருவம் ஆவிபோல நிற்கும். ஊடை வந்து சேராததால் அது இன்னும் பாதிதான்.

உருவங்களும் இந்த முறைக்குக் கட்டுப்பட்டவை. கட்டின் மிகச் சிறிய அளவு ஒரு சதுரம். ஆகையால் வளைவு என்று தோன்றுவதெல்லாம் உண்மையில் படிக்கட்டு. பான் பாத் எனப்படும் இலை வடிவத்தைக் கவனியுங்கள். அரசிலையின் கூர்முனையும் இடுப்பின் வளைவும் அப்படியே தெரியும். விரல் வைத்துத் தொடர்ந்தால் படிப்படியாக ஏறி இறங்கும். நாரி குஞ்சரில் நாட்டியப் பெண்ணும் யானையும் கிளியும் மாறி மாறி வருகிறார்கள். சாபடி பாத்தில் பூக்கூடை போன்ற வட்டம். வோரா காஜி போஹ்ரா முஸ்லிம் வணிகர்களுக்கென்று நெய்தது. அதில் உயிர் உருவம் இராது, பூவும் கோலமும்தான். ரத்தன் சௌக் கட்டங்களின் கோர்வை. ஒவ்வொரு சமூகமும் தன் திருமணத்துக்கும் சீமந்தத்துக்கும் எந்த உருவம் வேண்டும் என்பதை அறிந்தே கேட்டது. எனக்குப் பிடித்தது பான் பாத்தான். இருப்பதிலேயே குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு இருப்பதிலேயே உயிருள்ள வடிவத்தை அது எழுப்புகிறது.

பாடன் ஒரு காலத்தில் சோலங்கி அரசர்களின் தலைநகரம். 11-ஆம் நூற்றாண்டில் ராணி உதயமதி தன் கணவர் முதலாம் பீமனின் நினைவாக எழுப்பிய படிக்கிணறு இன்றும் அங்கே இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கிணற்றுச் சுவரில் சிற்பங்களுக்கு நடுவே செதுக்கியிருக்கும் கட்டக் கோலங்களைப் பட்டோலாவோடு ஒப்பிடாமல் யாரும் போவதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் குமாரபால மன்னர் ஜால்னாவிலிருந்து 700 சால்வி குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார் என்பது அங்குள்ளவர்களின் மரபு வழக்கு. பட்டு நெசவாளர்கள் இடம்பெயர்வது அந்த மண்ணில் பழைய கதைதான். லாட தேசத்திலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, இன்றைய மந்த்சௌருக்குப் போய்க் குடியேறிய பட்டு நெசவாளர் குழுவொன்று 5-ஆம் நூற்றாண்டில் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பக்கத்து நெசவாளர்களைத் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொள்கிற சௌராஷ்டிரர்கள் நம் மதுரையில் தறி போட்டவர்கள்.

பட்டோலாவை உலகத்தில் மிகவும் போற்றியவர்கள் குஜராத்துக்கு வெளியேயும் இருந்தார்கள். வணிகக் கப்பல்களில் அது இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மிளகுக்கும் கிராம்புக்கும் பேரம் பேசும்போது உள்ளூர் மன்னர்களுக்குப் பட்டோலாவைப் பரிசாகக் கொடுத்தது. அந்தச் சந்தைக்கென்றே பெரிய யானைகள் வரிசையாக நிற்கும் நீளத் துணிகளையும் ஓரங்களில் முக்கோண வரிசை வைத்த துணிகளையும் நெய்தார்கள். ஜாவா அரசவையில் அதை உடுத்துவது மேட்டுக்குடி உரிமையாயிற்று. லெம்பாட்டா தீவில் குலத்தின் பொதுச் சொத்தாகக் கூடையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். சாபடி பாத்தின் வட்டப் பூ பெக்கலோங்கான் நகரத்து பாத்திக் துணியில் ஜெலாம்பிராங் என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. தேவை இருந்த இடத்தில் போலியும் வந்தது. பட்டோலாவின் உருவத்தைப் பருத்தியில் அச்சடித்து அதே தீவுகளுக்குக் குஜராத்திலிருந்தே கப்பலேற்றினார்கள்.

இன்று அந்தப் போலி நம் பாண்டிபஜார் வரை வந்துவிட்டது. சென்னைக் கடைகளில் பட்டோலா என்ற பெயரில் விற்பவற்றில் பல அச்சு. சில ஒற்றை இக்கத். அவற்றை உடுத்துவதில் குற்றமில்லை, அழகாகவும் இருக்கலாம். பெயரை மட்டும் சரியாகச் சொல்லி விற்க வேண்டும். பாடன் பட்டோலாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் சட்டத்தைவிட வாங்குகிறவரின் கண் பெரிய காவல். துணியைத் திருப்பிப் பாருங்கள்; மறுபக்கம் மங்கியிருந்தால் அச்சு. ஓரத்திலிருந்து ஊடை நூல் ஒன்றையும், முந்தியிலிருந்து பாவு நூல் ஒன்றையும் உற்றுப் பாருங்கள். இரண்டிலும் நிறம் துண்டுதுண்டாக மாறி மாறி வந்தால் இரட்டை இக்கத். ஒன்றில் மட்டும் என்றால் ஒற்றை. கரை ஓரத்தில் அங்கங்கே நூல் சிறு வளையமாகத் துருத்தியிருந்தால் அதைக் குறையென்று நினைத்துவிடாதீர்கள். ஊடையின் நிறத்தைப் பாவோடு பொருத்த நெசவாளர் இழுத்துவிட்ட மிச்சம் அது. மஞ்சளை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலுக்கு முதலில் வெளுக்கும், மாதுளந்தோல் அதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

பாடன் பட்டோலாவின் விலை லட்சங்களில். வாங்குவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாது, பார்ப்பது எட்டும். அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகத்தில் பழைய துணிகள் இருக்கின்றன. பாடனில் சால்வி குடும்பத்தினரே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், தறியையும் காணலாம். போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடாமல், ஒரே துணியின் முன் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதலில் உருவம் தெரியும், பிறகு நிறம், பிறகு நிறத்துக்குள் நிறம், கடைசியில்தான் நூல் தெரியும்.

இந்தக் கலையைத் தாங்கிப் பிடிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். அவர்கள் குறைந்துபோனதற்கு உழைப்பின் நீளத்தையும் செலவையும் காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி, தரம் பிரிக்கத் தெரிந்த வாடிக்கையாளர்கள் குறைந்ததுதான். குஜராத்தின் நாகர் சமூகத்து வீட்டுப் பாட்டிக்கும், போஹ்ரா வணிகருக்கும், ஜாவா அரசவைக்கும், லெம்பாட்டாவின் குலத்தலைவருக்கும் நல்ல பட்டோலா எது, நடுத்தரம் எது என்று தெரிந்திருந்தது. நெசவாளர் ஒரு நூலை நகர்த்தச் செலவிட்ட நேரம் வீண்போகாது என்ற உறுதியை அவர்கள் தந்தார்கள். விருதும் மானியமும் அந்த உறுதியைத் தர முடியாது. கையால் செய்த எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும்: செய்கிறவரின் அறிவும் பார்க்கிறவரின் அறிவும் சேர்ந்துதான் அதன் தரத்தைக் காக்கின்றன. முதல் பங்கைப் பாடன் எட்டு நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறது. இரண்டாம் பங்கைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.